ஒன்றுதானா என்றும் எழுதுங்கள்

தமிழில் அறிவியல் எழுதுகிற நண்பர்களுக்கு,

வணக்கம். 2019 ஏப்ரலில் எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் வந்தபோது நீங்கள் எழுதியவற்றை ஆசையாகப் படித்தேன். எட்டுத் தொலைநோக்கிகள், பூமி அகலத்துக்கு ஒரு கருவி, எல்லாம் இருந்தது. ஒரு கேள்விதான் விடுபட்டது: கிடைத்த தரவுக்குப் பொருந்துகிற படம் அது ஒன்றுதானா? தரவில் இடைவெளிகள் ஏராளம். பொருந்தும் படங்களும் பல. அதனால்தான் நான்கு அணிகள் ஒருவர் வேலையை ஒருவர் பார்க்காமல் படத்தை உருவாக்கின. நான்கிலும் வளையம் வந்தது. செய்தியின் உயிரே அதில்தான் இருக்கிறது.

வெளியே அளந்ததை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்வது நேர்மாறுக் கணக்கு. நிலநடுக்க அலைகளை வைத்துப் பூமியின் திட உட்கருவை 1936இல் டென்மார்க் அறிவியலாளர் இங்கெ லேமன் (Inge Lehmann) கண்டுபிடித்தது இப்படித்தான். ஆனால் இந்த வழி எப்போதும் கைகொடுக்காது. மேளத்தின் சுருதிகளை மட்டும் கேட்டு அதன் வடிவத்தைச் சொல்ல முடியுமா என்று 1966இல் கணிதவியலாளர் மார்க் காட்ஸ் கேட்டார். வடிவம் வேறாக இருந்தும் சுருதிகள் அத்தனையும் ஒன்றாகவே இருக்கும் இரண்டு மேளங்களை 1992இல் கோர்டன், வெப், வோல்பர்ட் காட்டிவிட்டார்கள்.

சரி, இடமும் காலமும் சேர்ந்த காலவெளியின் வடிவத்தை இப்படிக் கண்டுபிடிக்க முடியுமா? புள்ளிக்குப் புள்ளி அளவுகோலை நீட்டினாலும் சுருக்கினாலும் ஒளியின் பாதை மாறாது. ஆகவே ஒளிப்பாதைகளை வைத்து அந்த அளவைப் பிடிக்க முடியாது. மற்றதாவது கிடைக்குமா? குரிலேவ், லாசாஸ், உல்மன் மூவரும் 2018இல் வெளியிட்ட கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பார்வையாளர் தன் பாதையின் அக்கம்பக்கத்தில் இருந்தே அலைகளை அனுப்பி, வருவதையும் அங்கேயே அளக்கிறார். நேரியல் அல்லாத சமன்பாட்டில், அதாவது அலைகள் வெறுமனே கூடிக் கடந்துபோகாமல் ஒன்றையொன்று பாதிக்கும் சமன்பாட்டில், நான்கு அலைகள் ஒரு புள்ளியில் சந்தித்தால் அங்கே புதிய அலை பிறக்கும், தொலைவில் யாரோ விளக்கேற்றியது போல. அது எங்கே, எப்போது வந்து சேர்கிறது என்று பார்த்தே, அலை போய்த் திரும்பக்கூடிய பகுதி முழுவதன் வடிவத்தையும் அந்த அளவு நீங்கலாக மீட்கலாம் என்று, சில நிபந்தனைகளோடு, நிறுவினார்கள். தொல்லை என்று ஒதுக்கப்படும் நேரியல் இல்லாத குணமே இங்கே கண்ணாகிறது. என்னை இந்த அளவுக்கு அசைத்த தேற்றம் வேறில்லை.

விறைப்பைப் பற்றியும் எழுதுங்கள்; அளந்தது இதுவென்றால் வடிவம் வேறாக இருக்க இடமே இல்லை என்கிற நிலை அது. ஆற்றல் அடர்த்தி எங்கும் எதிர்மறையாகாத தனித்த அமைப்பில், வெகு தொலைவிலிருந்து அளக்கும் மொத்த நிறை சுழி என்றால் உள்ளே இருப்பது தட்டையான வெற்றுவெளிதான். 1979இல் ஷோன், யாவ் தொடங்கிவைத்த தேற்றம் இது. ஒரே ஓர் எண் முழு வடிவத்தையும் கட்டிப்போடுகிறது!

அடுத்த ஈர்ப்பலைச் செய்தியில் இரண்டு பத்தி ஒதுக்குங்கள். என்ன அளந்தார்கள், அதிலிருந்து எது உறுதி, இன்னும் எதற்கெல்லாம் இடமிருக்கிறது என்று எழுதுங்கள். வாசகருக்குப் புரியாது என்று மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
கணக்கில் ஈடுபாடுள்ள ஒரு வாசகர்