மதுரைக் கூரைகள்: வசந்தாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதமும், நீ எடுத்த மதுரைக் கூரைகளின் கறுப்பு வெள்ளைப் புகைப்படமும் சனிக்கிழமை வந்து சேர்ந்தன. அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது. சொட்டு மருந்து இன்னும் ஒரு மாதம் போட வேண்டும். உன் படத்தைக் கையில் கொடுத்ததும் “மேல கோபுரம்” என்று சட்டென்று சொன்னார். பாளையங்கோட்டைக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் அவருக்கு ஊர் என்றால் மதுரைதான். தம்பி மகளுக்குக் கோவையில் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

படத்தைப் பற்றி ஒளிக்காமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

இடத்தை நன்றாகத் தேர்ந்திருக்கிறாய். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்று விதி இருக்கிறது. மீறியவர்கள் பலர் என்றாலும், மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி மாடியிலிருந்து பார்த்தால் கூரைகள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் பரந்து கிடக்கின்றன, கோபுரங்கள் மட்டும் எழுந்து நிற்கின்றன. பாதி ஃப்ரேமை அந்த விதியே உனக்கு அமைத்துக் கொடுத்துவிட்டது. ஆனால் நீ மேல கோபுரத்தை நட்டநடுவில் நிறுத்தி, வடக்கையும் தெற்கையும் இரு பக்கமும் வைத்து, அடிவானத்தைப் படத்தின் பாதியில் ஓட விட்டிருக்கிறாய். கண் நேரே கோபுரத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. கோபுரத்தை மட்டும் எடுக்க நினைத்திருந்தால் அது சரி. நீ எடுக்க நினைத்தது கூரைகளை அல்லவா?

வலது கீழ் மூலையை மறுபடி பார். ஓட்டுக் கூரையை ஒட்டிய சின்ன மாடியில் ஒரு பெண் குனிந்திருக்கிறாள். விரித்த வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, காய்ந்த வடகத்தை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருக்கிறாள். வேட்டி பறக்காமலிருக்க மூலைகளில் செங்கல். எனக்கு இந்தப் படத்தின் உயிரே அந்த மூலையில்தான் இருக்கிறது. அவளைக் கண்டுபிடிக்கப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருந்ததுதான் வருத்தம். இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடு. வட கோபுரம் போகட்டும். அப்போது மேல கோபுரம் இடப்பக்கம் ஒதுங்கும், அதன் எதிர் மூலையில் அவள் வருவாள். நடுவில் கிடக்கும் ஓடுகளும் கைப்பிடிச் சுவர்களும் கண்ணைக் கோபுரத்திலிருந்து அவளிடம் கொண்டுபோகும்.

இனி டோன், அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரையிலான சாம்பல்களின் ஏற்ற இறக்கம். இதில்தான் எனக்கு உன்னோடு பெரிய சண்டை. மாலையில் மேற்கே நின்று கிழக்கே பார்த்து எடுத்திருக்கிறாய். சூரியன் உன் முதுகுக்குப் பின்னால். நிழல்கள் எல்லாம் பொருள்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், கூரைகளின் சரிவு தெரியாது. வெயில் பட்ட ஓட்டின் சிவப்பும் கிழக்கு வானத்தின் நீலமும் வெளிச்ச அளவில் நெருங்கி நிற்பதால், கறுப்பு வெள்ளையாக மாற்றியதும் இரண்டும் ஒரே சாம்பலாகிவிட்டன. போதாக்குறைக்குக் கணினியில் நிழல்களை வெளிறச் செய்து, வெண்மையை மங்கவைத்து, மூட்டத்தையும் நீக்கியிருக்கிறாய். நகரத்துக் கூரைகளில் தூரத்தைக் காட்டுவதே அந்தப் புழுதியும் புகையும்தான். அருகில் இருப்பது அழுத்தமாகவும், தள்ளிப் போகப் போக வெளிறியும் இருந்தால்தான் பத்துத் தெரு தாண்டிப் பார்க்கிறோம் என்பது புரியும். உன் படத்தில் பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவரும் தெற்குக் கோபுரமும் ஒரே அழுத்தத்தில் நிற்கின்றன. எதையும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் எல்லாவற்றையும் தெளிவாக்கினாய், அதனால் எதுவுமே முன்னே வரவில்லை. நீ ஃப்ரேமில் செய்ததும் இதுவேதான்.

ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையில் எடுத்த படங்களை நாம் சேர்ந்து பார்த்திருக்கிறோம். அவருடைய மெழுகு பூசிய தாள் நெகட்டிவ் நீலத்தை மிகுதியாக வாங்கிக்கொள்வதால் வானம் வெற்று வெள்ளையாகிவிடும். அதனால் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டினார். வானத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே ஒரு வேறுபாடு வேண்டும் என்பதற்காக அவ்வளவு பாடு. உனக்கு அந்தச் சிரமம் இல்லை. கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பைக் கொஞ்சம் ஏற்றி நீலத்தை இறக்கினால் ஓடு வெளுக்கும், வானம் கறுக்கும், வேப்பமரங்களும் தனியே பிரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர்த் தொட்டிகளையும் கேபிள் வயர்களையும் அழித்திருக்கிறாய். நடுவில் ஒரு மாடிச் சுவரில் தொட்டியின் நிழல் மட்டும் மிஞ்சி நிற்கிறது, தொட்டியைக் காணோம். பழைய நகரம் என்றால் பழையது மட்டும் இருக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறாய்? வடகம் உரிக்கும் அந்தப் பெண் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் அந்தக் கறுப்புத் தொட்டியிலிருந்துதான் வருகிறது. தவிர, படத்தில் அடர்கறுப்பு என்று சொல்ல இருந்தவை அவை மட்டுமே. முன்னால் இரண்டு மூன்று தொட்டிகள் கறுப்பாக உட்கார்ந்திருந்தால் பின்னால் இருக்கும் சாம்பல்கள் தாமாகவே தள்ளிப் போயிருக்கும்.

முடிந்தால் அதே மாடிக்குக் காலை ஏழு மணிக்குள் ஏறிப் பார். வெயில் எதிரே வரும். கோபுரத்தின் வண்ணங்களும் சுதைச் சிற்பங்களும் தெரியாது, அது போனால் போகட்டும். ஒவ்வொரு கூரையின் விளிம்பிலும் வெளிச்சம் கோடு போடும், அடுப்புப் புகையும் பனியும் தெருத்தெருவாகப் பிரிந்து தெரியும். லென்ஸில் நேர்வெயில் விழாமல் கையால் மறைத்துக்கொள்.

அதுவரை இந்தப் படத்தின் மூலக் கோப்பை, எதையும் அழிக்காததை, எனக்கு அனுப்பி வை. நானும் ஒரு பிரிண்ட் போட்டுப் பார்க்கிறேன். தை மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு மதுரை வருவதாக இருக்கிறோம், தேதி முடிவானதும் எழுதுகிறேன்.

அன்புடன்,
மங்கை