ஆண்டறிக்கை: சோலைக்கிளிக் கூட்டுப் பதிவேடு

உறுப்பினர்களுக்கு வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பங்கு நீலகிரி சோலைக்கிளி என்ற சிறு பறவையின் கூடுகளைப் பதியும் ஏட்டைச் சீர்செய்வதில் சென்றது. அதனால் அறிக்கையும் அதைப் பற்றியே.

பழைய ஏடுகளில் ஒரே பறவை பல பெயர்களில் கிடக்கிறது. எழுதியவர்கள் மேல் பிழையில்லை. 19ஆம் நூற்றாண்டில் பறவையியலாளர் ஜெர்டன் விவரித்த இப்பறவை பிறகு காலீன், பிராக்கிப்டெரிக்ஸ் என்று பேரினம் மாறி, 2005இல் மயோமெலாவுக்குப் போனது. 2017இல் மரபணு ஆய்வின் அடிப்படையில் சோலிகோலா என்ற புதிய பேரினம் பிறந்தது. சோலையில் வாழ்வது என்று பொருள். ஈப்பிடிப்பான் குடும்பம். 'கிளி' என்றதும் பச்சைக்கிளியை நினைக்க வேண்டாம். மலையாளத்தில் சிறு பறவை எதையும் கிளி என்பார்கள்.

இனி கூட்டைப் பதியும் அட்டையில் பெயருக்கு முன் இடத்தை எழுதுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பது சோலிகோலா மேஜர், விலாப்புறம் செம்பழுப்பு. தெற்கே பழனி, ஆனைமலையில் இருப்பது சோலிகோலா அல்பிவென்ட்ரிஸ் என்ற இன்னொரு இனம், விலா நீலச்சாம்பல். பெயர் நாளை மாறினாலும் இடம் மாறாது.

கூடு கட்டும் காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரை. மரப்பொந்திலோ வழியோர மண்சரிவின் குழியிலோ கூடு இருக்கும். வெளிப்புறம் பாசி, உள்ளே மயிர்போன்ற வேர்கள். பக்கத்து மரப்பட்டையிலும் அதே பாசி என்பதால் கூட்டின் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. முட்டை பெரும்பாலும் இரண்டு, சாம்பல் கலந்த பச்சையில் பழுப்புப் புள்ளிகள். புதர்க்கவையில் நீல முட்டை கண்டால் அது சிரிப்பான் என்ற வேறு பறவை. தாழ்ந்த புதரில் கோரை இலைகளைச் சுருட்டிய பந்துபோல இருந்தால் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். இந்த இரண்டும் நம் ஏட்டில் சோலைக்கிளியாகப் பதிவாகியிருந்தன, நீக்கிவிட்டோம்.

கூட்டைத் தேடிப் போகாதீர்கள், பறவையைக் கவனியுங்கள். அலகில் பாசி என்றால் கட்டுமானம், பூச்சி என்றால் குஞ்சு. பத்து மீட்டருக்கு வெளியே நின்று தொலைநோக்கியில் பார்த்தாலே போதும். பெரணியை விலக்கிப் படம் எடுப்பதுதான் அதிகம் கெடுக்கிறது. மறைப்பு போய்விடும், மிதித்த தடம் காகத்துக்கும் கீரிக்கும் வழிகாட்டும். மழையிலும் மாலைப் பனியிலும் தாய் எழுந்தால் முட்டை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அடைகாப்பு 16–17 நாள். எனவே கண்ட அன்று ஒரு முறை, 18 நாள் கழித்து ஒரு முறை, அதற்குமேல் போக வேண்டாம். ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பதும் கூடாது.

காலிக் கூட்டையும் கழற்றி வராதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காட்டுப் பறவைகளின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் வேட்டைக்குச் சமம். சோலைக்குள் நுழைய வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

புதிய அட்டையில் 'பொந்தா, மண்சரிவா' என்ற கட்டமும், தரையிலிருந்து உயரமும் சேர்த்திருக்கிறோம். சரிவில் அளக்கும்போது கூட்டுக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து அளக்கவும். அட்டைகள் மார்ச் மாதக் கூட்டத்தில் கிடைக்கும்.

செயலாளர்