சீட்டுத் தொலைந்த கதை

கல்லடி
ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

தீபாவளிக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு இவ்வளவு நாள் சத்தமே இல்லாமல் இருந்தது பிழைதான், கோபிக்காதே. வீட்டில் எல்லோரும் சுகம். உன் படத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "பிள்ளை சாப்பிடுறதே இல்லைபோல" என்று இரண்டு நாள் புலம்பினார். குண்டனுக்குப் பெண் பார்த்தாயிற்று. யார் என்று அவன் வாயாலேயே கேள், நான் சொல்லமாட்டேன்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். அந்த ரீசெட்டைக் கண்டுபிடித்துவிட்டேன்டா!

போனில் பாதி சொன்னேன்தானே. இரவில் பக்கப் ஓடும்போது டேட்டாபேஸ் அரை நிமிடம் மூச்சே விடாது, பிறகு தானாக எழும்பும். சேர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் சுவிச்சின் லொக்கில் ஒவ்வொரு முறையும் 'லிங்க் ரீசெட்', அதாவது இணைப்பைத் திரும்பத் தொடக்கிய பதிவு. நாங்கள் சேர்வரைச் சந்தேகித்தோம். சேர்வரைச் சுவிச்சோடு இணைக்கும் எச்பிஏ கார்டு, டிரைவர், ஃபர்ம்வேர் எல்லாம் மாற்றினோம். கொழும்பிலிருந்து வந்தவர் ஃபைபர் கேபிள் சொருகும் எஸ்எஃப்பியையும் மாற்றினார். மூன்றாம் இரவு திரும்பவும் அதே கதை.

ரீசெட்டையே நோய் என்று துரத்திக்கொண்டிருந்தோம் மச்சான். அது சுவிச் தானே செய்துகொண்ட வைத்தியம்.

படுவான்கரை நெல் ஆலை முற்றத்தை நினைத்துப் பார். எட்டு லொறிக்கு இடம், வாசலில் எட்டுச் சீட்டு. ஒரு லொறி உள்ளே போனால் ஒரு சீட்டுக் குறையும், மூட்டை இறக்கியதும் சீட்டு திரும்பி வரும். சேர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் இடையில் ஓடும் ஃபைபர் சேனலில் லொறிதான் ஃபிரேம் என்ற டேட்டாப் பொதி, அந்தச் சீட்டுத்தான் பஃபர் கிரெடிட், அதைத் திருப்பிக் கொண்டுவருவது ஆர்-ரெடி என்ற சின்னச் சிக்னல். ஃபிரேம் கெட்டால் சிஆர்சி என்ற பிழைச் சோதனை காட்டிக்கொடுக்கும், மேலே டிஸ்க்கோடு பேசும் எஸ்சிஎஸ்ஐ மறுபடி கேட்டுக்கொள்ளும். ஆர்-ரெடி வழியில் கெட்டால்? கேட்க ஆளில்லை. அந்தச் சீட்டு போனது போனதுதான். ஒன்று, இரண்டு என்று தொலைந்து எட்டும் தீர்ந்த இரவில் முற்றம் காலியாகக் கிடக்கும், வாசலில் லொறி வரிசையாக நிற்கும். 2 விநாடி அப்படி நின்றால் போர்ட் லிங்க் ரீசெட் அனுப்பி, சீட்டுக் கணக்கை முதலிலிருந்து தொடங்கும். அதற்குள் காத்திருந்த ஃபிரேம்கள் கொட்டுப்பட்டுவிடும். லினக்ஸ் 30 விநாடி டைம்அவுட் வரை காத்திருந்துதான் திரும்பக் கேட்கும். அரை நிமிட மௌனத்தின் கணக்கு அதுதான்.

எனக்கு ஆத்திரம் வந்தது மல்டிபாத் மேல், ஸ்டோரேஜுக்குப் போகும் பாதைகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் அது. லிங்க் ஒருமுறைகூட டவுன் ஆகவில்லை, அதனால் அதன் கண்ணில் பாதை எப்போதும் நல்ல பாதை. மற்ற ஃபேப்ரிக், அதாவது இரண்டாவது சுவிச் வலை, நன்றாக இருக்க, கெட்ட பாதையிலேயே பாதி வேலை போனது.

சுவிச்சின் போர்ட்எரர்ஷோ கட்டளை காட்டிய பிழை எண்கள் எந்தக் காலத்து எண்களோ தெரியாது. எல்லாக் கவுண்டரையும் அழித்துவிட்டு ஒரு இரவு காத்திருந்தேன். விடிய வந்து பார்த்தால் மேல்மாடி சுவிச்சை மற்றச் சுவிச்சோடு இணைக்கும் ஐஎஸ்எல் போர்ட்டில் மட்டும் சிஆர்சி ஏறியிருக்கிறது. உள்ளே வரும் ஒளியின் அளவு, ரிசீவ் பவர், மைனஸ் 10 டிபிஎம், பக்கத்து போர்ட்டில் மைனஸ் 3. எண் கீழே போகப் போக ஒளி மங்கல். மழை வெள்ளத்துக்குப் பயந்து றாக்கை மேலே ஏற்றினோமே, அப்போது கேபிள்களைச் சேர்க்க இடையில் போட்ட பேட்ச் பேனல்! அதில் சொருகியிருந்த கேபிளின் எல்சி முனையை இரவல் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஒளி போகும் கோர் 50 மைக்ரோன்தான். அதன் மேலே குறுக்காக யாரோ ஒருவருடைய விரல் எண்ணெய், அதில் ஒட்டிய தூசி. கிளீனர் பேனாவால் இரண்டு கிளிக். பவர் மைனஸ் 3.4க்கு வந்தது. இன்றோடு பதினொரு இரவு, ஒரு ரீசெட் இல்லை.

உன் இடத்திலும் ரீசெட் வருகிறது என்றாயே, நாளைக்கே கவுண்டரை அழித்துவிட்டுப் பார். சிஆர்சி ஏறினால் கேபிளைப் பிடி. சிஆர்சி அசையாமல், கிரெடிட் பூச்சியமாக இருந்த நேரம் மட்டும் ஏறினால், ஏதோ ஒரு சேர்வரோ ஸ்டோரேஜோ சீட்டைத் திருப்பித் தர மெதுவாக இருக்கிறது. அதற்குக் கேபிளைத் துடைத்துப் பயனில்லை, அந்த ஆளைத் தேடு. என்ன வந்தது என்று எனக்கு எழுது, நித்திரை வராது.

அப்புறம், வரும்போது 1.25 மில்லிமீட்டர் கிளீனர் பேனா நாலைந்து வாங்கி வா. அம்மா தயிர் வாங்கி வைப்பார்.

உன்,
மச்சான்