உப்பில் இருப்பது எந்தச் சோடியம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அணுவின் அமைப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1897-இல் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டது, 1909-இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் தங்கத் தகட்டின்மீது ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சியது, அதை வைத்து 1911-இல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவுக்கு வந்து சேர்ந்தது, 1932-இல் சாட்விக்கின் நியூட்ரான் என்று வரலாறு தெளிவாகவே சொல்லப்பட்டிருந்தது. குறை அயனியில், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுவைப் பற்றிச் சொன்னதில்தான். கடைசிப் பத்தியில், போகிற போக்கில் இரண்டே வரி. அதிலும் ஒரு வரி தவறு: சோடியம் அணு நிலைத்தன்மை பெறுவதற்காகத் தன் வெளிக்கூட்டு எலக்ட்ரானைக் கொடுத்துவிட விரும்புகிறதாம்.

அப்படி ஒரு விருப்பம் சோடியத்துக்குக் கிடையாது. வாயு நிலையில் உள்ள ஒரு மோல் (அணுக்களை எண்ண வேதியியலில் பயன்படும் அளவு) சோடியம் அணுக்களிடமிருந்து ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகிறது. அவற்றைக் குளோரின் அணுக்கள் வாங்கிக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349 மட்டுமே. 147 கிலோஜூல் கைநட்டம். உலோகத்தை ஆவியாக்கவும் குளோரின் மூலக்கூறை உடைக்கவும் ஆகும் செலவு தனி. இவ்வளவையும் ஈடுகட்டுவது வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் அமைவது அல்ல. உண்டான நேரயனிகளும் எதிரயனிகளும் ஒன்றையொன்று இழுத்துப் படிகமாக அமையும்போது வெளிவரும் ஏறத்தாழ 787 கிலோஜூல். மேல்நிலை வகுப்பில் படிகக்கூடு ஆற்றல் என்று நடத்துகிறோமே, அதுதான். எட்டு எலக்ட்ரான் அமைந்தால் அணு நிலைபெறும் என்ற எண்ம விதியை மனப்பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம், காரணமாகக் காட்ட முடியாது. நானும் பல ஆண்டுகள் வேதியியல் நடத்தியவள். 'விரும்புகிறது' என்று சொன்னதும் பிள்ளைகள் மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை, அதுதான் ஆபத்து.

கட்டுரையில் விட்டுப்போன பெயர் வேதியியலாளர் ஸ்வான்டே அர்ஹீனியஸ். எலக்ட்ரானுக்கு முன்பே அயனி வந்துவிட்டது என்பதை உங்கள் காலவரிசை மறைத்துவிடுகிறது. 1884-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வேட்டுக்குத் தாழ்ந்த தரமே கிடைத்தது. உப்பு தண்ணீரில் கரைந்தாலே மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிந்துவிடும், பிரிப்பதற்கு மின்சாரம் பாய்ச்ச வேண்டியதில்லை என்ற கொள்கையை 1887-இல் முழுமையாக வெளியிட்டார். தனிம அட்டவணை தந்த மெண்டலீவ் போன்ற பெரியவர்களே கடைசிவரை ஏற்கவில்லை. எதிர்த்தவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று இது: சோடியம் தண்ணீரில் பட்டால் பற்றிக்கொள்ளும், குளோரினோ நச்சு வாயு, இரண்டும் தனித்தனியே மிதக்கிறதென்றால் உப்புத் தண்ணீர் ஏன் சாதுவாக இருக்கிறது? நியாயமான கேள்வி. கொஞ்சம் யோசிக்கிற மாணவி இன்றும் இதைத்தான் கேட்பாள். மின்னூட்டம் ஏறியதும் அது வேறு பொருள் என்பதே அர்ஹீனியஸ் தரப்பின் பதில். ஏன் அப்படி என்று விளக்க அன்றைக்கு அவர்கள் கையில் எலக்ட்ரான் இல்லை. 1903-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று நம்மிடம் எண்ணிக்கை இருக்கிறது. சோடியம் அணுவில் 11 புரோட்டான், 12 நியூட்ரான், 11 எலக்ட்ரான். தண்ணீரில் பற்றிக்கொள்ளும் கூத்தெல்லாம் அந்தப் பதினொன்றாவது எலக்ட்ரான் தண்ணீருக்குக் கைமாறுவதால் வருவது. அயனியில் அது முன்பே போய்விட்டது, இனிக் கொடுக்க ஒன்றுமில்லை. எடையில் கண்டுகொள்ளத்தக்க மாற்றம் இல்லை. ஒரு எலக்ட்ரானின் நிறை புரோட்டானின் நிறையை 1836 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதானே. மிச்சமுள்ள 10 எலக்ட்ரானைப் பார்த்து, இது 10 எலக்ட்ரான் கொண்ட நியான் வாயு ஆகிவிட்டதா என்று கேட்பவர்களும் உண்டு. ஆகாது. தனிமத்தின் அடையாளம் அணுக்கருவின் மின்னூட்டத்தில் இருக்கிறது என்பதை எக்ஸ் கதிர்களைக் கொண்டு 1913-இல் காட்டியவர் ஹென்றி மோஸ்லி. அவர் பெயரையும் கட்டுரையில் காணோம். இரண்டே ஆண்டில், 27 வயதில், முதல் உலகப் போரின் கலிப்போலி போர்முனையில் குண்டடிபட்டு இறந்துபோனார்.

அயனிக்கு இன்னும் இடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆய்வகத்தில் மண்ணெண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் துண்டைத் தவிர, சோடியத்தை உலோகமாக நம்மில் பெரும்பாலோர் பார்த்ததே இருக்காது. இரத்தப் பரிசோதனைத் தாளில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்று வரும் சோடியம் அயனிதான். 'அயோடின் கலந்த உப்பு' என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறார்களே, அதில் பொதுவாகச் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட் என்ற சேர்மம். ஊதா ஆவி விடும் அயோடினை யாரும் சமையலில் போடுவதில்லை. இவை தெரியாததால்தான் உப்பு விஷம் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளுக்குச் சோடியம் உலோகத்தின் வெடிப்புக் காணொளியை ஒட்டி அனுப்ப முடிகிறது.

படத்தைப் பற்றியும் ஒன்று. சோடியம் அணுவின் படத்தில் ஒரு புள்ளியை மட்டும் அழித்துவிட்டு, அதே அளவில் அயனி என்று போட்டிருக்கிறீர்கள். வெளிக்கூடே போய்விடுவதால் அயனி வெகுவாகச் சுருங்கும்: அணுவின் ஆரம் ஏறத்தாழ 186 பிக்கோமீட்டர், அயனியின் ஆரம் 102. குளோரைடு அயனி 181. உப்பில் சோடியத்தைவிட அதுவே பெரியது. அடுத்த பகுதிக்குப் படம் வரைபவரிடம் இந்த மூன்று எண்களையாவது கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
விருதுநகர்.