கலத்தின் உலோக இணைப்புகள் குறித்து

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். காட்பாடிக் கிணற்றில் இறக்கிச் சோதித்தபோது நம் சிறிய நீர்மூழ்கியின் அலுமினிய உடலுக்கு ஒன்றும் நேரவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்த கடல்நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி தொடும் இடத்தில் அலுமினியமே அரிக்கப்படும். ஆகவே ஒவ்வொரு திருகாணிக்கும் நைலான் வாஷரும் உறையும் இட்டு, இரு உலோகங்களுக்கும் இடையே தொடர்பில்லை என்பதை மல்டிமீட்டரால் உறுதி செய்யவும். அலுமினியத்துக்கு மட்டும் பெயின்ட் அடிப்பது பெருந்தவறு (எனக்கும் முதலில் அது சரியாகவே பட்டது): சிறு கீறல் விழுந்தாலும் அரிப்பு முழுவதும் அங்கேயே குவிந்து துளையிட்டுவிடும் என்பதால் எஃகுக்கும் அடிக்க வேண்டும். துத்தநாகக் கட்டிகளை உடலோடு நேரடியாகத் தொடும்படி பொருத்தவும். அலுமினியத்துக்குப் பதிலாகக் கரைவதே அவற்றின் வேலை என்பதால் அவற்றின்மீது பெயின்ட் படக்கூடாது.