நீர் போகும் வழியில் காணி அனுமதிப்பத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையில் கடந்த வாரம், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கேயுள்ள எங்கள் வன்னியின் குடிநீர்த் தட்டுப்பாடு பற்றி வெளிவந்த செய்தியையும், அதற்கு அடுத்த பக்கத்திலேயே மாரிக்கான வெள்ள முன்னாயத்தக் கூட்டம் பற்றி வெளிவந்த செய்தியையும் ஒரே மூச்சில் வாசித்தேன். இரண்டும் இரு வேறு துன்பங்களாகவே எழுதப்பட்டிருந்தன. ஆவணியில் பவுசர் எனும் தாங்கி வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றப்படும் ஊரும், மார்கழியில் பாய் தலையணையோடு பாடசாலைக்கு இடம்பெயரும் ஊரும் பல இடங்களில் ஒரே ஊர்தான் என்பதை, கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கமம் செய்தவனும் சில காலம் கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளராக இருந்தவனுமாகிய நான் கண்டிருக்கிறேன். ஒரு குடும்பத்தை எங்கே இருத்துவது என்பதை வன்னியில் முன்பு நீரைப் பார்த்துத் தீர்மானித்தார்கள். இப்போது வீதியைப் பார்த்துத் தீர்மானிக்கிறோம். இரண்டு துன்பத்துக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்று சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. அங்கே நிலத்தின் கீழ் இருப்பது சுண்ணாம்புக்கல் என்பதால் பெய்த மழை அதன் பொந்துகளுக்குள் இறங்கித் தங்குகிறது. வளவுக்கொரு கிணறு வெட்டலாம், கிணற்றைச் சுற்றி நெருக்கமாக வீடு கட்டலாம். பூநகரி, மன்னார்க் கரையோரங்களை விட்டு உள்ளே வந்தால், வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் கிடப்பது மிகப் பழைய வன்பாறை. மேலே கொஞ்சம் மண்ணும் உக்கிய கல்லும், அதன் கீழே வெடிப்பு உள்ள இடத்தில் மட்டும் நீர் தருகிற பாறையும் என்ற இந்த அமைப்பில், ஐப்பசி முதல் தை வரை பெய்கிற மழையை மறித்து வைக்காவிட்டால் அது சில நாட்களிலேயே கடலுக்குப் போய்விடும். மறித்து வைப்பதற்குத்தான் குளம். குளத்தில் நீர் நின்றால் கட்டுக்குக் கீழேயுள்ள கிணறுகளிலும் நீர் நிற்கும். குளம் வற்றினால் அவையும் இறங்கும். எனவே குளம், கட்டு, கட்டின் கீழ் வயல், வயலோரத்து மேட்டில் வீடுகள், அப்பால் மாடு மேயும் தரவை, பின் காடு என்று ஊர் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 5 இலட்சத்து 84 ஆயிரம் பேரும், பரப்பில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92 ஆயிரம் பேரும் இருந்தார்கள். இந்த வேறுபாட்டுக்குப் போர் ஒரு பெருங்காரணம். ஆயினும் போருக்கு முன்னரும் வன்னி ஐதாகக் குடியிருந்த நிலமே. அதற்கு மலேரியாவும் ஒரு காரணம், நீர் முதற் காரணம்.

இந்த அறிவை எங்கள் முன்னோர் ஊர்ப்பெயர்களில் வைத்துவிட்டுப் போனார்கள். மாங்குளம், புளியங்குளம், செட்டிகுளம், வவுனிக்குளம் என்று குளத்தால் அழைக்கப்படும் ஊர்களுக்குக் கணக்கில்லை. மடு என்றால் நீர் ஆழமாகத் தேங்கும் இடம். இரணைமடு என்பது இரண்டு மடு சேர்ந்தது. மோட்டை என்பது சிறிய நீர்நிலை. நான் அதிகம் யோசிப்பது முறிப்பு என்ற சொல்லைப் பற்றித்தான். தண்ணிமுறிப்பு, புதுமுறிப்பு, மூன்றுமுறிப்பு, கருப்பட்டமுறிப்பு என்ற பெயர்களைப் பற்றிக் கேட்டால், ஏதோ ஒரு மாரியில் வெள்ளம் கட்டை முறித்துக்கொண்டு பாய்ந்த இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பேரழிவு நடந்த இடத்துக்கு அந்த அழிவையே பெயராக வைத்த ஒரு சமூகம், தன் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற எச்சரிக்கை அது. இக்காலத்தில் நாம் வைக்கிற பெயர்கள் நகர், புரம், மாதிரிக் கிராமம் என்று முடிகின்றன. அவற்றைக் கொண்டு அந்த நிலத்தில் நீர் எந்தப் பக்கமாக ஓடும் என்று எவராலும் அறிய முடியாது.

கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றங்களை அடுக்கடுக்காகப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். குடாநாட்டின் சன நெருக்கடியையும் வேலையின்மையையும் தணிப்பதற்கென 1936இல் இரணைமடுவின் கீழ்க் குடியேற்றம் தொடங்கியபோது வந்தவர்களுக்கு வாய்க்கால் நீர் பாயும் வயலும் மேட்டுக்காணியும் சேர்ந்து கிடைத்தன. என் தகப்பனார் சில காலம் கழித்து வந்தாலும் வாய்க்காலுக்கு எட்டிய தூரத்தில்தான் வந்தார். பின்னர் முத்தையன்கட்டு, விசுவமடு ஆகிய இடங்களில் படித்த இளைஞருக்குக் கமம் செய்யக் காணி கொடுத்த படித்த வாலிபர் திட்டங்கள் வந்தன. அது மிளகாய் பொன்னாக விற்ற காலம். தமிழருக்கு எதிரான 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து உடுத்த துணியோடு வந்து சேர்ந்தவர்களுக்கோ, பெரும்பாலும் மிஞ்சியிருந்தவை வாய்க்கால் எட்டாத மேட்டுநிலங்களும் காட்டோரங்களும்தான். அதனால் இன்றைக்கும் பிந்தி வந்தவரின் கிணறு முந்தி வற்றுகிறது. இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை நாங்கள் எதிர்த்தோம். கோடைப் பயிரான சிறுபோகத்துக்கே நீர் காணாத குளம் என்ற எங்கள் வாதத்தில் உண்மை இருந்தது. பிறகு குடாநாட்டுக்கெனத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. ஆயினும் அந்தக் கூட்டங்களில் எல்லாம், எங்கள் சொந்த மாவட்டத்தில் குளக்கட்டைக் கண்ணால் காணும் தூரத்தில் குடத்தோடு நிற்கும் மேட்டுநிலத்து மக்களைப் பற்றி நாங்கள் மிகக் குறைவாகவே பேசினோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் வளவுக் கிணற்றின் வாளிக்கயிற்றில் தகப்பனார் மூன்று முடிச்சுகள் போட்டிருந்தார். வாளி நீரைத் தொடும்போது முதலாவது முடிச்சு கையிலேயே இருந்தால் அது தை, மாசிக் காலம். இரண்டாவது முடிச்சு கப்பியைக் கடந்தால் வெயில் ஏறிவிட்டது என்று பொருள். மூன்றாவது முடிச்சும் கப்பியைக் கடந்துவிட்டால் மரக்கறிப் பாத்திக்கு இறைப்பதை அன்றோடு நிறுத்திவிட வேண்டும், குடிக்கவும் மாட்டுக்கும் மட்டுமே அள்ளலாம் என்பது வீட்டுச் சட்டம். என் சிறுவயதில் மூன்றாவது முடிச்சு கப்பியைக் கடந்தது பெரும்பாலும் புரட்டாதியில். சில ஆண்டுகளில் கடந்ததே இல்லை. கயிறு எத்தனையோ தடவை மாற்றப்பட்டாலும் அளவு பார்த்து முடிச்சுகளைப் போட்டுவருகிறேன். கடந்த சில ஆண்டுகளாக அது ஆடியிலேயே கடந்துவிடுகிறது. எங்கள் ஊருக்கு மேலே ஒரு சிறு குளம் உண்டு. பெயரைச் சொன்னால் ஆட்களும் அடையாளப்படுவார்கள் என்பதால் தவிர்க்கிறேன். அதன் அலைகரையில், அதாவது நீர் பரவி நிற்கும் ஓரத்தில், ஒரு பக்கம் கிரவல் கொட்டி நிரவப்பட்டு, வேலி போடப்பட்டு, இப்போது அங்கே வீடுகளும் ஒரு களஞ்சியமும் இருக்கின்றன. முன்பு பங்குனி வரை நீர் நின்ற குளத்தில் இப்போது மாசியிலேயே மாடு மேய்கிறது. மழை குறைந்ததுதான் காரணம் என்று சொல்வோர் உண்டு. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளிலும் அந்த முடிச்சு ஆடியில்தான் கடந்தது.

இனி வெள்ளத்தின் கதை. திருத்தி உயர்த்தப்பட்ட இரணைமடு 2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் திறந்துவைக்கப்பட்டது. அதே மாதம் 21, 22ஆம் திகதிகளில் முரசுமோட்டை, பன்னங்கண்டி, கண்டாவளை, ஊரியான் பகுதிகள் நீருக்குள் போயின. மிகை நீரை வெளியேற்றும் குளத்தின் 14 வான்கதவுகளையும் எந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும் என்ற விவாதம் மாதக்கணக்கில் நடந்தது. நடக்க வேண்டிய விவாதம்தான். ஆனால் கதவால் வெளியேறிய நீர் எந்த வழியால் கடனீரேரிக்குப் போயிருக்க வேண்டும், அந்த வழியில் யாரெல்லாம் எதையெல்லாம் கட்டியிருந்தோம் என்ற கேள்வி அந்த அளவுக்குக் கேட்கப்படவில்லை. எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஒரு மதகு இருந்தது. மாரியில் மேட்டுப்பக்கத்து நீர் அதனூடாக வயலுக்குள் இறங்கி ஆற்றைச் சேரும். வீதி உயர்த்தப்பட்டபோது மதகும் புதிதாகக் கட்டப்பட்டது. அதன் வாய்க்கு நேரே, பத்து முழத்தில், ஒரு வீட்டுத்திட்ட வீடு எழுந்தது. அந்த வீட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். முகாமிலிருந்து திரும்பியவருக்குக் கொடுத்த இடத்தில் அவர் கட்டினார். வெள்ளம் வடிந்தபின் அவருடைய சுவரில் மின் ஆளிக்கு ஒரு சாண் கீழே சேற்றுக்கோடு ஒன்று நின்றது. இரண்டு தடவை வெள்ளை அடித்த பின்னும் மழைக்காலத்தில் அது மெல்லத் தெரிகிறது. இதைப் பற்றி ஓர் அலுவலகத்துக்குச் சென்று முறையிட்டபோது, அங்கிருந்த இளம் உத்தியோகத்தர் மிகுந்த மரியாதையோடு நில அளவைப் படத்தை விரித்து, “இந்த இடத்தில் நீர்வழி ஒன்றும் காட்டப்படவில்லை, ஐயா” என்றார். அவர் சொன்னது சரி. படத்தில் இல்லை. ஆண்டுக்கு இரண்டு மாதம் மட்டும் ஓடும் நீரை, கோடையில் அளக்க வந்தவர் எப்படிக் காட்டுவார்?

ஆற்றின் நிலைமையும் இதனோடு சேர்ந்ததே. கனகராயன் ஆறு வவுனியா வடக்குப் பக்கத்திலிருந்து வடக்கு நோக்கி வந்து, இரணைமடுவில் தங்கி, மிஞ்சியதைக் கொண்டு ஆனையிறவு, சுண்டிக்குளம் கடனீரேரிப் பக்கம் போகிறது. அதன் கரைகளை இத்தனை காலமும் பிடித்து வைத்திருந்தவை மருத மரங்கள். அண்மையில் ஒரு வளைவில் நின்று பார்த்தேன்: இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு மருது, அடியில் மணல் முழுவதும் அள்ளப்பட்டதால் வேர்கள் பாய்நார் போல வெளியே தொங்க, ஆற்றுப்பக்கம் சாய்ந்து நின்றது. அடுத்த பெருமழைக்கு அது நிற்காது. அது விழுந்தால் கரையும், கரையோடு பின்னாலுள்ள வயலும் போகும். ஆற்றுமணல் வெறும் கட்டடப்பொருள் அன்று. மாரி நீரைத் தன் இடுக்குகளில் பிடித்து வைத்து, கோடையில் கரையோரக் கிணறுகளுக்கு மெல்ல மெல்லக் கொடுப்பது அது. அதை அள்ளினால் ஆற்றின் படுக்கை தாழும், கிணற்று நீர் ஆற்றை நோக்கி இறங்கும், கடனீரேரிக்குக் கிட்டிய இடங்களில் உப்புநீர் மேலேறும். இரவில் டிப்பர்களை மறிக்கச் செல்லும் ஊரவர்களின் துணிவை மதிக்கிறேன். ஆயினும் மண்வெட்டியோடு பிடிபடுகிற இளைஞர்களில் பலர், நான் மேலே சொன்ன வாய்க்கால் எட்டாத ஊர்களிலிருந்து வருகிறவர்கள். வயல் இல்லாதவனுக்கு வயல் கொடாமல், மணல் அள்ளாதே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களை நீதிமன்றத்தில் நிறுத்துகிற வேகத்தில் பத்தில் ஒரு பங்காவது டிப்பரின் சொந்தக்காரர் மேலும் காட்டப்பட வேண்டும்.

கரையோரத்தில் கதை வேறு வடிவத்தில் நடக்கிறது. பூநகரியின் பொன்னாவெளியில் சுண்ணாம்புக்கல் அகழ்வதற்கு எதிராக ஊர்மக்கள் நடத்திய போராட்டத்தைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். வன்னிக்குள் கல்லின் இடுக்கில் நன்னீர் தங்குகிற மிகச் சில இடங்களுள் அந்தக் கரையும் ஒன்று. ஒருபுறம் கடல் அழுத்திக்கொண்டிருக்க, மறுபுறம் மழைநீரின் பாரமே அதைத் தடுத்து நிற்கிறது. அந்தக் கல்லை ஆழமாகத் தோண்டி எடுத்த குழியை எந்த நீர் நிரப்பும் என்பதை அறிய அவர்களுக்குப் பட்டப்படிப்புத் தேவைப்படவில்லை. அந்தக் கரையோரத்தில் உப்பேறிய கிணறுகளை அவர்கள் முன்பே பார்த்தவர்கள்.

காடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போரால் ஆண்டுக்கணக்கில் கைவிடப்பட்ட பழைய வயல்களில் பற்றை வளர்ந்து மரமாகி, திரும்பி வந்தபோது அவற்றில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்பதைப் பல ஊர்கள் கண்டன. உள்ளே அவர்களுடைய பழைய குளமும் அகப்பட்டுக்கொண்டது. அங்கே போக முடியாதவர்கள் வீதியோரத்தில் காணி கேட்கிறார்கள், வீதியோரத்தில் கிடைப்பது பள்ளக்காணி. காட்டை வெட்டித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. முதிரை மரமும் பாலை மரமும் வெட்டுப்பட்டுப் போகிற வேகம் எனக்கும் தெரியும். பழைய குளமும் வயலும் இருந்த இடத்தைக் காடு என்றும், அலைகரையையும் ஆற்றுப்படுகையையும் குடியிருப்பு என்றும் எழுதுகிற விசித்திரத்தைத்தான் சுட்டுகிறேன். யானை வருகிறது என்ற முறைப்பாடும் இந்த இடமாறாட்டத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டியதே.

அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. 80 ஹெக்டேயருக்குக் குறைந்த நிலத்துக்கு நீர் பாய்ச்சும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழும், பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களங்களின் கீழும், வீதியும் மதகும் வேறு திணைக்களங்களின் கீழும், காணி பிரதேச செயலகத்தின் கீழும் இருக்கின்றன. ஒரு குளத்தின் வான்நீர் அடுத்த குளத்துக்குப் போகிற அந்த வழி மட்டும் எவருடைய கோப்பிலும் இல்லை. ஒவ்வொரு பிரதேச செயலகமும் இந்தக் கார்த்திகையில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே, கிராம அலுவலரையும் கமக்காரர் அமைப்பில் வயது முதிர்ந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு நடந்து, நீர் ஓடுகிற வழிகளைப் படத்தில் குறிக்க வேண்டும். அந்தப் படத்தைப் பார்க்காமல் புதிய காணி அனுமதிப்பத்திரமோ வீட்டுத்திட்டமோ கிரவல், மணல் அனுமதியோ வழங்கலாகாது. ஏற்கெனவே அவ்வழிகளில் குடியிருப்பவர்களை எழுப்பிவிடுங்கள் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். மூன்று நான்கு தடவை இடம்பெயர்ந்த சனத்தை இன்னொரு தடவை அசைப்பது பாவம். அவர்களுடைய வீட்டுப் பக்கமாகப் புதிய வாய்க்கால் வெட்டலாம், மதகின் வாயைத் திருப்பலாம், விரும்பி மாறுகிறவருக்கு மேட்டில் கிணற்றோடு காணி கொடுக்கலாம்.

எங்கள் பகுதியில் பழைய நீர்வழிகளைக் கால்பழக்கத்தில் அறிந்தவர்கள் இப்போது மூன்று பேர்தான் மிஞ்சியிருக்கிறோம். ஒருவருக்குக் கண் மங்கிவிட்டது, எனினும் கையைப் பிடித்துக் கூட்டிச்சென்றால் இடத்தைச் சொல்வார். படம் வரைய எவராவது வருவார்களானால், குடையும் தேநீரும் எங்கள் பொறுப்பு.

இங்ஙனம்,
இளைப்பாறிய கமக்காரன் ஒருவன்,
முரசுமோட்டை.