அல்பேனியாவின் இரு பெரிய கட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

சோஷலிசக் கட்சி, ஜனநாயகக் கட்சி தலைவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் நாட்டுக்காரன் இல்லை. இத்தாலியின் மிலானில், உங்கள் துறைமுக நகரமான துர்ரஸைச் சேர்ந்த ஒருவரோடு ஆறு வருடம் ஒரே அறையில் இருந்தவன். உங்கள் சுதந்திர தினமான நவம்பர் 28 வந்தால் அவர் கம்பளித் துணிகளுக்கு அடியிலிருந்து இரட்டைத்தலைக் கழுகுக் கொடியை எடுத்து, இஸ்திரி போட்டு, பால்கனியில் கட்டுவார். கட்சிப் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவார். அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1990 டிசம்பரில் தலைநகர் டிரானாவின் மாணவர்கள் தெருவில் இறங்கியபோது இந்தக் கசப்பு இல்லை. 1991 பிப்ரவரி 20-ல் ஸ்கந்தர்பெக் சதுக்கத்தில் கம்யூனிச சர்வாதிகாரி என்வர் ஹோஜாவின் சிலையைச் சாய்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், கியூபாவிலிருந்து சர்க்கரையோடு துர்ரஸுக்கு வந்து நின்ற ஒரு கப்பலில் சுமார் 20,000 பேர் ஏறி, இத்தாலியின் பாரி துறைமுகம் போனார்கள். கம்பத்திலும் கயிற்றிலும் ஆட்கள் தொங்கிய அந்தப் படத்தை இன்றும் என்னால் நிதானமாகப் பார்க்க முடியவில்லை. பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் போவது நிற்கவில்லை. 1989-ல் சுமார் 32 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2023 கணக்கெடுப்பில் 24 லட்சம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முஸ்லிம், ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர் எல்லோரும் வாழும் நாட்டில் நீங்கள் இருவருமே மதத்தை வைத்துக் கட்சி வளர்க்கவில்லை. பால்கனில் இது சின்ன விஷயமில்லை. அந்த ஒற்றுமையை வைத்து என்ன செய்தீர்கள்?

ஜனநாயகக் கட்சியினரே, புதிதாகச் சேருவோரின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்கு வட்டி கொடுத்த பிரமிட் நிதி நிறுவனங்களை, 1996-லேயே எச்சரிக்கை வந்தும், ஆட்சியில் இருந்த நீங்கள் தடுக்கவில்லை. 1997-ல் அவை சரிந்தபோது, கிரீஸிலும் இத்தாலியிலும் பாடுபட்டு அனுப்பிய காசோடு, வீடு விற்ற பணமும் போனது. ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. சுமார் 2,000 உயிர்கள்.

சோஷலிசக் கட்சியினரே, 2013 முதல் ஆட்சி உங்கள் கையில். ஊர் காலியாவதை நீங்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?

பெரும்பாலும் ஒத்துப்போகாத நீங்கள் 2008-ல் கைகோத்து அரசியல் சட்டத்தைத் திருத்தினீர்கள். அதற்கப்புறம் யார் எம்.பி. என்பதைத் தலைவர் போடும் பட்டியலின் வரிசை முடிவு செய்தது. 2024-ல் வாக்காளரும் அந்தப் பட்டியலிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுக்கும்படி அதை ஓரளவு திறந்தீர்கள். சரி, போதாது.

2025-ல் வெளிநாட்டில் இருப்பவர்கள் முதன்முறையாக அங்கிருந்தே தபாலில் வாக்களித்தார்கள். என் அறைத்தோழர் உறையை மூன்று நாள் மேசையிலேயே வைத்திருந்தார். நான்காம் நாள் ஒட்டி அனுப்பினார்.

அடுத்த தேர்தலுக்குள் பட்டியலை முழுவதும் திறந்துவிடுங்கள். துர்ரஸுக்கு யார் வேண்டும் என்று துர்ரஸ்காரர்களே சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் கொடியை ஆறு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவன்